பேசுவது பத்து நிமிடம்... கட்டுவது 199 ரூபாய்!

போனை எப்போதாவது மட்டும் தொடுகிறவர்களுக்கு ஏற்ற ரீசார்ஜ் எது? ஒரு கணக்கு, ஒரு கோரிக்கை

தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் ஆயிரம் ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. பால், மளிகை, பிரஷர் மாத்திரை என்று முதல் வாரத்திலேயே கரைந்துவிடும் அந்தத் தொகையில், 28 நாளுக்கு ஒருமுறை செல்போன் ரீசார்ஜுக்கென்று 199 ரூபாயை எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இத்தனைக்கும் அந்த பட்டன் போனில் இன்டர்நெட் பார்ப்பதில்லை, படம் பார்ப்பதில்லை. மகள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவதும், பேங்கிலிருந்து மெசேஜ் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டிக் கேட்பதும்தான் அதன் வேலை.

பேருந்து நிலையத்தை ஒட்டிய ரீசார்ஜ் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்த்துவிடலாம். சுருக்குப் பைக்குள்ளிருந்து, ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போனை எடுத்து நீட்டுவார் ஒரு மூதாட்டி.

“தம்பி, நாலு நாளா போனே வரமாட்டேங்குது. கெட்டுப்போச்சான்னு பாரு.”

கடைக்காரர் நம்பரைத் தட்டிப் பார்ப்பார். “போன் நல்லாத்தான் இருக்கு பாட்டி. வேலிடிட்டி முடிஞ்சுபோச்சு. காசு போடணும்.”

“நான் யாருக்கும் பேசவே இல்லையேப்பா! அப்புறம் எதுக்குக் காசு?”

நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அந்தக் கடைக்காரருக்கு இல்லை. செல்போன் நிறுவனங்களுக்கும், அவற்றைக் கண்காணிக்கும் டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் உண்டு.

‘வேண்டாம்’ என்று விட முடியாத நம்பர்

“அவ்வளவு செலவு என்றால் போனே இல்லாமல் இருந்துவிடலாமே” என்று சிலர் சொல்வதுண்டு. இன்றைக்கு அது நடக்காத காரியம். ஆதாரோடு இணைந்திருப்பது அந்த நம்பர். பேங்க் கணக்கில் பணம் ஏறினாலும் இறங்கினாலும் தகவல் வருவது அந்த நம்பருக்கு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் குறியீட்டு எண்ணும் அதில்தான் வருகிறது. ஓடிபி இல்லாமல் ஆதாரில் முகவரியைக்கூட இணையத்தில் மாற்ற முடியாது. சேவைகளையெல்லாம் ஒரு நம்பரோடு கட்டிப்போட்ட பிறகு, அந்த நம்பரை உயிரோடு வைத்திருக்க ஆகும் செலவைத் தனிமனிதரின் விருப்பச் செலவு என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீண்ட நாள் பயன்பாட்டில் இல்லாத நம்பரை நிறுவனம் முடக்கிவிடும். முடக்கிய நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். பேங்க் கணக்கில் பழைய நம்பரை மாற்றாமல் விட்டிருந்தால், அந்த மெசேஜ்கள் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். போன் அதிகம் பேசாத பெரியவர்கள் வீட்டில்தான் இது கவனிக்கப்படாமல் நடக்கிறது.

இன்கமிங் இலவசமான கதை

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு பேச, மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்தக் காலத்தில் கூப்பிடுகிறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. மணி அடித்தால் யார் என்று பார்த்து, பக்கத்தில் லேண்ட்லைன் இருந்தால் அதிலிருந்து திருப்பிக் கூப்பிட்டவர்கள் உண்டு.

2003 மே 1 முதல் அது மாறியது. கூப்பிடுகிறவர் மட்டுமே கட்டணம் செலுத்துவார், இன்கமிங் இலவசம் என்ற முறை வந்தது. செல்போன் சாமானியர் கைக்கு வந்ததற்கு முதல் காரணம் இதுதான். 2005 இறுதியில் 999 ரூபாய் கட்டினால் ‘லைஃப்டைம்’ இன்கமிங் என்ற விளம்பரங்கள் வந்தன. 2009-ல் டாடா டோகோமோ ஒரு செகண்டுக்கு ஒரு பைசா என்று இறங்க, மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். பத்து ரூபாய் டாப்-அப், ரேட் கட்டர், மிஸ்டு கால் என்று ஏழைகளுக்கென்றே ஒரு செல்போன் பழக்கம் உருவானது. தமிழ்நாட்டில் 1999-ல் தொடங்கி மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த ஏர்செல், அந்தக் காலத்தின் அடையாளம்.

அப்போது இன்கமிங்குக்காக மட்டும் போன் வைத்திருந்தவரைக் கம்பெனிகள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பு போனால், கூப்பிடுகிறவரின் நிறுவனம் எடுக்கிறவரின் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று இணைப்புக் கட்டணம் கொடுக்க வேண்டும். பாட்டி யாரையும் கூப்பிடாவிட்டாலும், பாட்டிக்கு வந்த ஒவ்வொரு அழைப்பும் பாட்டியின் கம்பெனிக்கு வருமானம். 14 பைசாவாக இருந்த அந்தக் கட்டணத்தை டிராய் 2017 அக்டோபரில் 6 பைசாவாகக் குறைத்தது. 2021 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீக்கிவிட்டது. அழைப்புக் கட்டணம் குறைய அது உதவியது என்பது உண்மை. அதே வேளையில், எடுத்து மட்டும் பேசுகிற வாடிக்கையாளர் கம்பெனியின் பார்வையில் வருமானம் தராத வாடிக்கையாளர் ஆகிவிட்டார்.

2018: விழுந்த தடை

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் கட்டணப் போர் மூண்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவாலாகி, தமிழ்நாட்டில் அதன் வாடிக்கையாளர்கள் அவசர அவசரமாக வேறு நெட்வொர்க்குக்கு மாறினார்கள். அந்த ஆண்டின் கடைசியில்தான் ‘மினிமம் ரீசார்ஜ்’ வந்தது. 28 நாளைக்கு 35 ரூபாய் போடாவிட்டால் முதலில் அவுட்கோயிங், பிறகு இன்கமிங் நிறுத்தப்படும் என்றார்கள். கணக்கில் பேலன்ஸ் இருந்தவர்களுக்கும் இதே கதி. புகார்கள் குவியவே, பேலன்ஸ் வைத்திருப்பவர்களின் சேவையை உடனே துண்டிக்கக் கூடாது, என்னென்ன வழிகள் உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2018 நவம்பரில் டிராய் உத்தரவிட்டது. துண்டிப்பு தள்ளிப்போனது. தடை நிலைத்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததை ஏர்டெல் கட்டணத்தைக் கொண்டே பார்க்கலாம். 35 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச ரீசார்ஜ் 2021 ஜூலையில் 79, அதே ஆண்டு நவம்பரில் 99, பிறகு 155 (அதுவும் 24 நாளைக்கு), 2024 ஜூலைக் கட்டண உயர்வில் 199. ஆறாண்டுகளுக்குள் ஐந்து மடங்குக்கு மேல். அதே ஜூலையில் வி (வோடஃபோன் ஐடியா) நிறுவனத்தின் 28 நாள் திட்டமும் 199-க்குப் போனது, ஜியோவில் 189.

அன்றைய 35 ரூபாய்க்குக் கொஞ்சம் டாக்டைமும் துளி டேட்டாவும்தான் கிடைத்தன. இன்றைய 199-ல் அன்லிமிடெட் பேச்சும் 2 ஜிபி டேட்டாவும் இருக்கின்றன. நிறைய பேசுகிறவருக்கு இது நல்ல பேரம்தான். ஆனால் மாதம் பத்து நிமிடம் பேசுகிறவருக்கு அந்த அன்லிமிடெட் எதற்கு? செகண்டுக்கு ஒரு பைசா என்று வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஆவது 6 ரூபாய். அவர் கட்டும் 199-ல் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டுமே 30 ரூபாய். பேசியதற்கு ஆகும் காசைப் போல ஐந்து மடங்கை வரியாகவே கட்டுகிறார்.

டேட்டா போனது, விலை போகவில்லை

நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள் என்பது நிறுவனங்களே டிராயிடம் கொடுத்த கணக்கு. பட்டன் போன் வைத்திருப்பவரிடம் டேட்டாவைச் சேர்த்து விற்பது முறையா என்று 2024 ஜூலையில் டிராய் பொதுமக்களிடம் கருத்து கேட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 23 அன்று விதிகளைத் திருத்தியது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும். இத்தகைய ரீசார்ஜ்களின் உச்சபட்ச வேலிடிட்டி 90 நாளிலிருந்து 365 நாளாகலாம். பத்து ரூபாய் டாப்-அப் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். நல்ல உத்தரவு. பெரியவர்கள் பிரச்சினையை டெல்லி காதுகொடுத்துக் கேட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள்.

2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தபோது அந்த மகிழ்ச்சி வடிந்தது. ஏர்டெல்லில் 6 ஜிபி டேட்டாவோடு 84 நாளைக்கு 509 ரூபாயாக இருந்த ரீசார்ஜ், டேட்டாவைக் கழித்த பின் 499 ஆனது. இந்தப் புதிய கட்டணங்களை ஆராயப்போவதாக டிராய் சொன்ன பிறகு 469-க்கு இறங்கியது. மொத்தத்தில் 40 ரூபாய் மிச்சம். உத்தரவில் டேட்டாவைப் பிரிக்கச் சொன்னார்கள். அன்லிமிடெட்டைப் பிரிக்கச் சொல்லவில்லை. 30 நாள், 50 ரூபாய் என்பதைப் போன்ற குறைந்த தொகைத் திட்டம் வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் குறைவாகப் பேசுகிறவர்கள் மீண்டும் மாட்டிக்கொண்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2025 தொடக்கத்தில் இந்த ‘டேட்டா இல்லாத’ திட்டங்கள் இருந்த நிலை இது. கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால், பணம் கட்டும் அன்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. ஆனால் ஒப்பிடும் முறை மாறாது: தொகையை நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

ஒப்பிடுவதற்காக, ஏர்டெல், வி (டேட்டாவோடு): 199 ரூபாய், 28 நாள். ஒரு நாளைக்கு 7 ரூபாய் 11 பைசா.

ஏர்டெல்: 469 ரூபாய், 84 நாள். ஒரு நாளைக்கு 5 ரூபாய் 58 பைசா.

ஏர்டெல், வி: 1,849 ரூபாய், 365 நாள். ஒரு நாளைக்கு 5 ரூபாய் 7 பைசா.

ஜியோ: 448 ரூபாய், 84 நாள். ஒரு நாளைக்கு 5 ரூபாய் 33 பைசா.

ஜியோ: 1,748 ரூபாய், 336 நாள். ஒரு நாளைக்கு 5 ரூபாய் 20 பைசா.

பிஎஸ்என்எல்: 439 ரூபாய், 90 நாள். ஒரு நாளைக்கு 4 ரூபாய் 88 பைசா.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 28 நாள் கணக்கு. ‘மாதா மாதம் 199’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 28 நாளைக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 12 முறை இல்லை, 13 முறை. ஆகும் தொகை 2,587 ரூபாய். 365 நாள் திட்டத்துக்கு மாறினால் ஆண்டுக்கு 738 ரூபாய் மிச்சம். இந்த 28 நாள் வேலையைப் பற்றிப் புகார்கள் வந்துதான், 30 நாள் திட்டம் ஒன்றும், மாதா மாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் ஆணையிட்டது. ‘ஒரு வருஷம்’ என்று நினைத்து வாங்கும் திட்டத்தில் 336 நாள்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஏழைக்குத்தான் அதிக விலை. ஒரே நேரத்தில் 1,849 ரூபாய் புரட்ட முடிந்தவருக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய். முடியாதவருக்கு 7 ரூபாய். உதவித்தொகையை நம்பி இருப்பவரால் ஆண்டுத் திட்டத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. அவருக்காக வந்த சலுகை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

20 ரூபாய் விதி: உண்மை என்ன?

‘20 ரூபாய் இருந்தால் போதும், சிம் நான்கு மாதம் உயிரோடு இருக்கும்’ என்று 2025 ஜனவரியில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வலம் வந்தது. புதிய விதி என்றார்கள். அது 2013 மார்ச்சிலிருந்தே இருக்கும் விதி. பிரீபெய்டு நம்பரை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் அதை முடக்கலாம். அப்போது கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ பேலன்ஸ் இருந்தால் முடக்கக் கூடாது. 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். பேலன்ஸ் இருக்கும்வரை இப்படியே நீளும். பேலன்ஸ் இல்லாமல் முடங்கினாலும், மீட்டுக்கொள்ள 15 நாள் அவகாசம் உண்டு.

இந்த விதி காப்பாற்றுவது நம்பரை மட்டுமே. வேலிடிட்டி முடிந்தபின் அழைப்பு வந்துகொண்டே இருக்கும் என்ற உத்தரவாதத்தை இது தரவில்லை. வெளிநாட்டில் இருப்பவர் ஊர் நம்பரை இழந்துவிடாமல் வைத்திருக்கவும், டிராயரில் கிடக்கும் இரண்டாவது சிம்முக்கும் இது உதவும். மகளின் அழைப்புக்காகக் காத்திருக்கும் அம்மாவுக்கு உதவாது.

இன்னொன்று: 20 ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் வரியும் கட்டணமும் போக கணக்கில் ஏறுவது 14 ரூபாய் 95 பைசாதான். 20 ரூபாய் பேலன்ஸ் நிற்க வேண்டுமென்றால் 30 ரூபாய் டாப்-அப் போட வேண்டும். அதில் 22 ரூபாய் 42 பைசா கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

பெரியவர்களின் போனை அவர்களே ரீசார்ஜ் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். சம்பாதிக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ, 365 நாள் ‘வாய்ஸ் ஒன்லி’ திட்டத்தைப் போட்டுவிடலாம். வேட்டி சேலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க இன்கமிங் நிற்காது என்பதைவிடப் பெரிய நிம்மதி அவர்களுக்கு வேண்டியதில்லை.

ரீசார்ஜ் ஆப்பைத் திறந்தவுடன் கண்ணில் படுவது டேட்டா திட்டங்கள்தான். இந்த மலிவுத் திட்டங்கள் பட்டியலின் அடியிலோ தனிப் பிரிவிலோ இருக்கும். கடையில் கேட்டாலும் ‘நெட் இல்லாத, கால் மட்டும் உள்ள 84 நாள் பிளான்’ என்று விவரமாகக் கேளுங்கள். டிராய் இணையதளத்தில் எல்லா நிறுவனங்களின் கட்டணங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் இருக்கிறது.

உங்கள் ஊரில் பிஎஸ்என்எல் சிக்னல் வீட்டுக்குள்ளேயே நன்றாகக் கிடைக்கிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சிக்னல் இல்லாத மலிவு சிம், அவசரத்தில் கைவிட்டுவிடும்; அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் போனில் சோதித்துவிட்டு மாறுங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் பழைய பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோ பாரத் என்ற 4ஜி பட்டன் போனை 2023 ஜூலையில் 999 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள்; அதற்கு மட்டுமான 28 நாள் ரீசார்ஜ் 123 ரூபாய். ஒரு நாளைக்கு 4 ரூபாய் 39 பைசா ஆகிறது. பழைய போன் பழுதாகி எப்படியும் புதிது வாங்கப்போகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் யாராவது போஸ்ட்பெய்டு வைத்திருந்தால், குடும்பத் திட்டத்தில் கூடுதல் இணைப்பாகச் சேர்க்க எவ்வளவு என்று கேளுங்கள். போஸ்ட்பெய்டில் சொல்லும் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகச் சேரும்.

நம்பரை மாற்றாமல் நெட்வொர்க் மாற, PORT என்று தட்டி, இடம் விட்டு, பத்து இலக்க நம்பரைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும். ‘உங்கள் பிளானில் எஸ்எம்எஸ் இல்லை’ என்று அதைத் தடுக்கக் கூடாது. எந்தத் தொகைக்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும் இந்த எஸ்எம்எஸ்ஸை அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் கட்டளையிட்டிருக்கிறது.

டாப்-அப் பேலன்ஸ் தானாகக் கரைகிறதா? தெரியாமல் அமுக்கிய காலர் டியூன் போன்ற சேவைகள் காரணமாக இருக்கலாம். 155223 என்ற இலவச எண்ணில் அவற்றை நிறுத்தலாம். பிடித்த பணத்தைக் கேட்டு 198-ல் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அரசும் ஆணையமும் செய்ய வேண்டியது

குடும்பங்கள் சாமர்த்தியமாகத் திட்டம் தேர்ந்தெடுப்பதால் மட்டும் இது தீராது. பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு, தனித்து வாழும் விதவைகளுக்கு, ஆண்டுத் தொகையை யார் கட்டுவார்கள்?

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாகக் கட்டணம் கூடும். ஒரு குண்டு பல்பும் ஒரு ஃபேனும் உள்ள வீடும், நான்கு ஏசி ஓடும் வீடும் ஒரே பில் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. குறைவாகப் பயன்படுத்துகிறவர் குறைவாகக் கொடுக்கட்டும் என்ற அந்த நியாயம் செல்போனில் மட்டும் காணாமல் போனது ஏன்?

டவர் பராமரிக்கச் செலவு உண்டு, நம்பர் ஒன்றைப் பிடித்துவைத்திருப்பவர் அதற்கு ஏதாவது தர வேண்டும் என்ற நிறுவனங்களின் வாதம் சரிதான். எவ்வளவு என்பதில்தான் வழக்கு. வேலிடிட்டிக்கு ஒரு சிறு தொகை, பேசியதற்குத் தனிக் கட்டணம் என்று இரண்டையும் பிரித்து, குறைந்த தொகைத் திட்டம் ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று டிராய் விதி செய்யலாம். டேட்டாவைப் பிரிக்கச் சொல்ல அதிகாரம் இருந்த ஆணையத்துக்கு இதற்கும் அதிகாரம் இருக்கிறது.

பணத்துக்கும் வழி இருக்கிறது. செல்போன் நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 சதவீதம், எல்லோருக்கும் தொலைபேசி சென்று சேர வேண்டும் என்பதற்கான நிதியில் சேர்கிறது. 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர் சூட்டியது. டவர் இல்லாத ஊருக்கு டவர் கொண்டுபோக அந்தப் பணம் செலவாகிறது. டவர் இருந்தும் ரீசார்ஜ் செய்ய முடியாததால் தொடர்பு அறுந்து கிடப்பவரும் அந்த நிதிக்கு உரியவர்தான். அமெரிக்காவில் ‘லைஃப்லைன்’ என்ற திட்டம் 1985 முதல் ஏழைகளின் தொலைபேசிக் கட்டணத்தில் கழிவு தருகிறது. இப்போது அது மாதம் 9.25 டாலர் வரை. இங்கே முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெறுகிறவர்களின் பட்டியல் அரசு கையில் தயாராக இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நம்பரின் அடிப்படை வேலிடிட்டியை அந்த நிதியிலிருந்து கட்டலாம். அதுவரை, இந்தக் குறைந்தபட்ச ரீசார்ஜுக்காவது ஜிஎஸ்டியை விலக்கலாம்.

2024 டிசம்பர் உத்தரவு வந்தது டிராய் கருத்து கேட்டு, மக்களும் நுகர்வோர் அமைப்புகளும் பதில் எழுதிய பிறகுதான். டிராயில் பதிவுபெற்ற நுகர்வோர் அமைப்புகள் இருக்கின்றன. ஓய்வூதியர் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இந்தக் கோரிக்கையை அவை தீர்மானமாகப் போட்டு டிராய்க்கும், தொகுதி எம்.பி.க்கும் அனுப்பலாம். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: குறைவாகப் பேசுகிறவருக்குக் குறைந்த தொகையில் ஒரு திட்டம் கட்டாயம் வேண்டும். டேட்டா இல்லாத ரீசார்ஜ் கேட்டதால் கிடைத்தது. இதையும் கேட்டு வாங்குவோம்.